குற்றாலத்துக் கன்று ஏன் வாடுகிறது?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திலிருந்து புறப்படும் பேருந்து ஒன்றில் ஏறிப் பாருங்கள். ஈரத் துண்டும் மங்குஸ்தான் பழப் பையும் கையிலிருக்க, பலருடைய மடியில் ஒரு சிறு கன்றும் இருக்கும். கிராம்பு, சாதிக்காய், மிளகு, பெயர் தெரியாத அழகிய இலைச்செடி என்று ஏதோ ஒன்று. அருவிக்கரைக் கடையில் அது பளபளவென்று நின்றிருக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல மண், நல்ல தொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் என்று எல்லாம் கிடைக்கும். ஆனாலும் சில வாரங்களில் இலை ஓரம் பழுப்பாகும்; பிறகு சுருளும்; பிறகு உதிரும். கடைசியில் ஒரு குச்சிதான் மிஞ்சும். "உன் கை ராசியில்லாத கை" என்று வீட்டில் யாராவது சொல்லுவார்கள்.

கை மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே ஒரு செடி நீரின்றி வாட முடியுமா? முடியும். எப்படி என்று தெரிந்துகொண்டால், குற்றாலத்துச் சோலையின் ஒரு சிறு துண்டை உங்கள் வீட்டு முற்றத்திலேயே உருவாக்கலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

எல்லாமே வெப்பமண்டலம்தான்

அயல்நாட்டுத் தோட்டக்கலை நூல்களில் 'வெப்பமண்டலத் தோட்டம்' என்று ஒரு வகை உண்டு. அகன்ற இலைகள், தொங்கும் கொடிகள், பாசி படர்ந்த கற்கள், ஈரம் சொட்டும் நிழல் ஆகியவை அதன் அடையாளங்கள். இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவில் இத்தகைய செடிகளுக்காகவே 1844 முதல் 1848 வரை இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு பெரிய 'பனை மாளிகை' கட்டினார்கள். குளிர் நாட்டில் பனையும் வாழையும் உயிர் பிழைக்க வேண்டுமானால் இப்படிக் கண்ணாடிக் கூடம் கட்டி, உள்ளே வெப்பமூட்டியாக வேண்டும்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. வடக்கே 23½ டிகிரியில் கடகரேகை, தெற்கே 23½ டிகிரியில் மகரரேகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது வெப்பமண்டலம். தென்காசி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 டிகிரியில் இருக்கிறது. வேண்டிய வெப்பம் நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் வெப்பமண்டலத்திலும் இரு வகை உண்டு. அருவிக்கு மேலேயுள்ள சோலைக்காடு ஈர வெப்பமண்டலம். அங்கே மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வளரும். கிழக்கே சில மைல் போனால் உடைமரமும் பனையும் நிற்கும் செம்மண் காடு. அது உலர் வெப்பமண்டலம். இரண்டிலும் ஒரே சூரியன்தான். வேறுபாடு காற்றிலுள்ள ஈரத்தில் இருக்கிறது.

மலை செய்யும் மாயம்

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் சீசன் நாளில் குற்றாலத்தில் சாரல் முகத்தில் அடிக்கும்போது, தென்காசியைத் தாண்டிக் கிழக்கே போனால் தரை காய்ந்து கிடப்பதைக் காணலாம். ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் காற்று மேலேறுகிறது. மேலேறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. ஒரு கனமீட்டர் காற்று 30 டிகிரி செல்சியசில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான் தாங்கும். மீதி மழையாகக் கொட்டிவிடும். இந்த மழையில் பெரும்பங்கு கேரளப் பக்கத்துச் சரிவுக்குப் போகிறது. மலைமுகட்டைத் தாண்டித் தெறித்து வருவதே நம் பக்கத்துக்குக் கிடைக்கும் சாரல்.

முகட்டைக் கடந்த காற்று கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. மேகம் கலைந்தபின், 100 மீட்டர் இறங்குவதற்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் சூடேறும். 20 டிகிரியில் நிறைய ஈரம் கொண்டிருந்த காற்று 30 டிகிரிக்குச் சூடானால் என்ன ஆகும்? அதிலுள்ள நீராவி அப்படியே இருக்கிறது. ஆனால் அது தாங்கக்கூடிய அளவு 17 கிராமிலிருந்து 30 கிராமாக ஏறிவிட்டது. நூற்றுக்கு நூறாக இருந்த ஈரப்பதம் அறுபதுக்கும் கீழே வந்துவிடும். அதாவது காற்றுக்குத் தாகம் எடுத்துவிட்டது! அந்தத் தாகத்தை அது குளத்திலும், கொடியில் காயும் துணியிலும், உங்கள் கன்றின் இலையிலும் தீர்த்துக்கொள்ளும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் சற்றே தாழ்ந்து ஒரு கணவாயாக அமைந்திருக்கிறது. அகன்ற ஆறு குறுகிய மதகில் விரைவது போல, காற்று இந்த இடைவெளியில் வேகம் கொள்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசலைக் கடந்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்தில் நிற்கும் காற்றாலைகளும் அதற்குச் சாட்சி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், பூப்போன்ற கன்று எம்மாத்திரம்?

கம்பெனியார் வைத்த தோட்டம்

குற்றாலத்தின் ஈரக்காற்றுக்கு ஒரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. கிராம்பும் சாதிக்காயும் இன்று இந்தோனேசியாவில் அடங்கிய மொலுக்கஸ் தீவுகளுக்கே உரியவை. நீண்ட காலம் டச்சுக்காரர்கள் அவற்றை வெளியே போகவிடாமல் காத்தார்கள். பியர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் 1770-இல் கன்றுகள் மொரீசியசுக்குக் கடத்தப்பட்டன. 1796-இல் ஆங்கிலேயர் அத்தீவுகளைக் கைப்பற்றினர். அதன்பின், 1800-ஆம் ஆண்டையொட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஒரு நறுமணப்பொருள் தோட்டம் அமைத்தது. இந்தியாவில் கிராம்பு முதன்முதலில் வேர்பிடித்தது அங்கேதான்.

கிராம்பு விதை மற்ற தானியங்களைப் போன்றதன்று. உலர்ந்தால் செத்துவிடும், நெல்லைப் போலக் குதிரில் போட்டு வைக்க முடியாது. ஆகவே உயிருள்ள கன்றுகளாகவோ, புதிய விதைகளாகவோதான் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. அப்படி வந்த செடிகளுக்கு இடம் தேடியபோது, மலையடிவாரம், நிழல், சாரல், ஓடும் நீர் நான்கும் ஒருங்கே அமைந்த குற்றாலம் கண்ணில் பட்டது. 1850-க்குப் பிறகு கிராம்பு சாகுபடி இன்றைய குமரி மாவட்ட மலைச்சரிவுகளுக்கும் பரவியது. இன்று 'கன்னியாகுமரி கிராம்பு' புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

1830-களில் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான இராபர்ட் வைட் குற்றாலத்தில் ஏராளமான தாவரங்களைச் சேகரித்தார். அவருடைய நூல்களில் உள்ள அழகிய படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். குற்றாலத்துச் செடிகள் உலகத் தாவரவியலாரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

கம்பெனியார் எந்தச் செடி வேண்டும் என்று மட்டும் பார்க்கவில்லை. அந்தச் செடிக்கு ஏற்ற காற்று எங்கே இருக்கிறது என்றும் பார்த்தார்கள். பேருந்தில் கன்றை மடியில் வைத்துக்கொண்டு போகும் நாம் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் மறந்துவிடுகிறோம்.

இலையில் நடப்பது என்ன?

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவற்றின் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போகிறது. வாயில் திறந்திருந்தால் உள்ளேயிருக்கும் நீராவியும் வெளியே வரத்தானே செய்யும்? இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பகுதி இவ்வாறே காற்றில் போய்விடுகிறது.

காற்று ஈரமாக இருந்தால் நீராவி மெல்ல வெளியேறும். காற்று உலர்ந்திருந்தால் விரைந்து வெளியேறும். வீசும் காற்று இன்னும் மோசம். இலையை ஒட்டி அசையாத மெல்லிய காற்றுப்படலம் ஒன்று போர்வை போல இருக்கும். அதில் ஈரம் தங்கியிருக்கும். பலத்த காற்று அந்தப் போர்வையை உருவிவிடுகிறது. காற்றடிக்கும் நாளில் துணி சீக்கிரம் காய்வது இதனால்தான்.

இப்போது நம் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. இலை செலவழிக்கும் வேகத்துக்கு வேரால் நீர் ஏற்ற முடியவில்லை. வரவு பத்து, செலவு பதினைந்து. தொட்டியில் நீர் நிரம்பி வழிந்தாலும், வேரின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நடுவழியில் செடி வறண்டுபோகிறது. தாய் நரம்பிலிருந்து தொலைவில் இருக்கும் இலை ஓரம் முதலில் கருகுகிறது.

செடி வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. வேருக்கும் மூச்சு உண்டு. மண்துகள்களின் இடையே உள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவைப் பெறுகிறது. அந்த இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேர் நீரேற்றாது. மேலே இலை இன்னும் வாடும். நாம் இன்னும் ஊற்றுவோம்! ஆகவே, மருந்து கொடுக்கவேண்டிய இடம் தொட்டி மண் மட்டுமன்று. செடியைச் சுற்றியுள்ள காற்றும்தான்.

காடு கட்டிய வீடு

காட்டுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? மழை ஓய்ந்த பிறகும் சோலைக்குள் குளிர்ச்சி எப்படி நிலைக்கிறது? அதன் அமைப்பைப் பாருங்கள். அது பல மாடிகள் கொண்ட வீடு.

மேல்மாடியில் வானைத் தொடும் பெருமரங்கள். அடுத்து, கிளையோடு கிளை கோத்த மரக்கூரை. அதன் கீழே நிழல் தாங்கும் சிறுமரங்கள். அதற்கும் கீழே இஞ்சி இனமும் சேம்பு இனமும் பெரணியும். தரையில் சருகு மெத்தை. மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. அந்தக் குறைந்த ஒளியைப் பிடிக்கவே தரைச்செடிகள் முறம் போன்ற அகன்ற இலைகளை விரிக்கின்றன. இத்தகைய இலையை நேர்வெயிலில் வைத்தால், தேவைக்கு மேல் வாங்கிய ஒளியைச் சமாளிக்க முடியாமல் பச்சையம் சிதைந்து வெளுத்துவிடும்.

ஒவ்வொரு மாடியும் நீராவியை வெளியிடுகிறது. மேற்கூரை காற்றைத் தடுப்பதால் அந்த ஈரம் வெளியே ஓடிவிடுவதில்லை. கீழ்மாடிச் செடிகள் அந்த ஈரக்காற்றில் சுகமாக வாழ்கின்றன. குளிர்ச்சிக்கும் இதுவே காரணம். 30 டிகிரியில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குச் சூடாக்க 70 கலோரி போதும். எட்டு மடங்கு வேறுபாடு! இந்த வெப்பத்தை நீர் சுற்றியுள்ள இலையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும், மரநிழல் ஓட்டுக்கூரை நிழலைவிடக் குளிர்வதும் ஒரே காரணத்தால்தான்.

கிளைகளில் ஒட்டி வாழும் ஆர்க்கிடுகளும் பெரணிகளும் மரத்தின் சாற்றைத் திருடுவதில்லை. அவை தொற்றுத் தாவரங்கள். குடியிருக்க இடம் மட்டும் கேட்பவை. ஆர்க்கிடின் தொங்கும் வேரில் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழையும் பனியும் பட்டதும் அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே அவற்றைத் தொட்டி மண்ணில் புதைத்தால் மூச்சுமுட்டி அழியும்.

உழவர் கண்ட வழி

உலர்ந்த சமவெளியில் ஈரச்சோலை அமைப்பது புதிய கலையா? இல்லை. தமிழ்நாட்டு உழவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான். கொடிக்காலைப் பார்த்திருக்கிறீர்களா?

வெற்றிலை நிழலையும் ஈரக்காற்றையும் விரும்பும் கொடி. மிளகின் நெருங்கிய உறவு. அதை வெட்டவெளியில் நட்டால் நிலைக்காது. ஆகவே உழவர் முதலில் அகத்தியை நெருக்கமாக விதைக்கிறார். அகத்தி விரைந்து வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பிறகே, அதனடியில் வெற்றிலைக் கொடியை நடுகிறார். அகத்தி கொடிக்குக் கொம்பாகிறது, குடையாகிறது, காற்றுக்கு வேலியாகிறது. அவரை இனத்தைச் சேர்ந்ததால் அதன் வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரசனை உரமாக்கித் தருகின்றன. கீரை வேறு கிடைக்கிறது. கொடிக்காலுக்குள் நுழைந்தவுடன் உடம்பில் ஒரு குளிர்ச்சி தட்டும். அது அந்த உழவர் உருவாக்கிய சிறு தட்பவெப்பம்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் விளைவது. குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில்தான் கலக்கிறது. மலையின் ஈரம் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள்!

கொடிக்கால் கற்பிக்கும் பாடம் இது: மென்மையான செடியை முதலில் நடாதே. முதலில் அதற்கு வீடு கட்டு.

உங்கள் முற்றத்தில்

இனி வேலையைத் தொடங்கலாம். பத்தடிக்குப் பத்தடி இடம் போதும்.

முதல் வேலை, ஒரு வாரம் சும்மா பார்ப்பது. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். தென்காசிப் பகுதியில் ஆனி முதல் ஆவணி வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். மாலை வெயிலும் மேற்கேதான். ஆகவே வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கமோ வடக்குப் பக்கமோ அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, காற்றுத்தடுப்பு. இதற்கு உயரமான மதிற்சுவர் சிறந்தது என்று தோன்றும். உண்மையில் சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழுந்து செடியை உலுக்கும். பாதிக் காற்றை வடிகட்டி அனுப்பும் உயிர்வேலியே மேல். அதன் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தொலைவு வரை அது காற்றின் வேகத்தைக் குறைக்கும். அகத்தி, முருங்கை, செம்பருத்தி ஆகியவற்றைக் கலந்து நடலாம். சுவர்தான் இருக்கிறது என்றால், அதன் உட்புறம் ஒரு வரிசை செடி வையுங்கள்.

மூன்றாவது, மாடிகள். அகத்தியும் பப்பாளியும் மேல்மாடி. வாழையும் கறிவேப்பிலையும் நடுமாடி. வாழையிலை காற்றில் கிழிவதைக் கண்டு வருந்த வேண்டாம். நரம்புகளுக்கு இடையே கிழிந்து காற்றுக்கு வழிவிடுவதால்தான் அதன் தண்டு முறியாமல் தப்புகிறது. அகத்தி மேல் வெற்றிலை அல்லது மிளகுக் கொடி. கீழ்மாடியில் இஞ்சி, மஞ்சள், சித்தரத்தை, சேம்பு. தரையில் வல்லாரை.

இவற்றில் பலவற்றுக்குக் கடைக்கே போக வேண்டாம். முளைவிட்ட இஞ்சித் துண்டும் பச்சை மஞ்சள் கிழங்கும் சேப்பங்கிழங்கும் சமையலறையிலேயே கிடைக்கும். வெற்றிலைக் கொடியில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டு போதும். வாழைக்கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் அக்கம்பக்கத்தில் கேட்டால் தருவார்கள்.

நான்காவது, மூடாக்கு. உதிர்ந்த சருகை எரிக்காதீர்கள். அதை நான்கு விரல் கனத்துக்கு மண்ணின் மேல் பரப்புங்கள். அது வெயிலைத் தடுத்து மண்ணின் ஈரத்தைக் காக்கும். மெல்ல மக்கி உரமாகும். மண்புழு தானே வந்து சேரும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்கக் கூடாது, தண்டு அழுகும்.

ஐந்தாவது, காலம். காற்று மிகுந்த ஆடியில் மென்மையான செடிகளை நடாமல், வேலிச்செடிகளை ஊன்றி ஆதரவுக் குச்சி கட்டுங்கள். காற்று தணிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் கீழ்மாடிச் செடிகளை நடுங்கள். கிராம்பு, சாதிக்காய் போன்ற விருந்தாளிகளை அடுத்த ஆண்டு, நிழல் கூடிய பிறகு அழைக்கலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்களே குச்சியைப் பார்த்து வருந்துகிறார்கள்.

மண் இல்லாத வீட்டிலும் வழி உண்டு. தொட்டிகளைத் தனித்தனியே வைக்காமல் நெருக்கி வையுங்கள். உயர்ந்தவை வெளிப்புறம், சிறியவை நடுவில். ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். தொட்டிகளுக்கு அடியில் ஈரமணல் நிரப்பிய தட்டு வைக்கலாம். மணலுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. தேங்கிய தெளிந்த நீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே தட்டுகளையும் தொட்டிகளையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

தண்ணீர் யாருடையது?

தென்காசி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அருவிகளின் மாவட்டம் என்று பெயர் இருந்தாலும், மழைமறைவில் கிடக்கும் அதன் கிழக்குப் பகுதி ஊர்களில் கோடைக்காலக் குடிநீர் எளிதில் கிடைப்பதன்று. ஒரு குடம் நீருக்காக ஒருவர் காத்திருக்கும் ஊரில், பெரணிக்குக் குழாய்நீர் பீய்ச்சுவது அழகாகுமா? ஆகவே இத்தோட்டத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்வோம்: வீடு ஒரு முறை பயன்படுத்திய நீரும், கூரையில் விழுந்த நீரும் மட்டுமே.

அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஒரு நாள் முழுவதும் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். அளவு உங்களை வியக்கவைக்கும். அவ்வளவும் கீழ்மாடிச் செடிகளுக்கு. குளித்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம். சோப்பு மிகுந்த துணி துவைத்த முதல் நீரை விட்டுவிடுங்கள்.

கூரைக் கணக்கையும் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர் நீர். ஒரே ஒரு நல்ல மழையில் வந்துவிடும் அளவு இது. மூடிய தொட்டியில் சேமித்தால் பல நாளைக்குக் காணும்.

ஊற்றும் முறையிலும் சிக்கனம் உண்டு. பூச்சில்லாத மண்கலயம் ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும். மண் காய்ந்தால் அதிகம் கசியும். ஈரமாக இருந்தால் கசிவு குறையும். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த முறை இது.

செய்து பாருங்கள்

உங்கள் தோட்டம் உண்மையிலேயே காற்றை மாற்றுகிறதா? அளந்தால்தான் அறிவியல்.

ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். இரண்டுக்கும் நிழலான இடம் தேவை. ஒன்றைச் செடிக்கூட்டத்தின் நடுவிலும், மற்றொன்றைக் காற்றோட்டமான திண்ணையிலும் வையுங்கள். காகம் குடித்துவிடாமல் கம்பிவலை கொண்டு மூடுங்கள். காலையில் வைத்து மாலையில் மீதி நீரை அளவுகுவளையில் அளந்து குறியுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால், எந்தக் காற்றுக்குத் தாகம் அதிகம் என்று எண்ணிலேயே தெரியும்.

பள்ளியில் இரண்டு வெப்பமானிகள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றுங்கள். விசிறியால் லேசாக விசிறுங்கள். ஈரக்குமிழ் குறைந்த வெப்பத்தைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதானால் காற்று உலர்ந்தது. சிறிதானால் காற்று ஈரமானது. தோட்டத்துக்குள் ஒரு முறை, தெருவில் ஒரு முறை அளந்து ஒப்பிடுங்கள். விடுமுறையில் குற்றாலம் போகும்போது பேரருவிக் கரையிலும் அளக்கலாம்!

இன்னொரு வேடிக்கை. 1829-இல் இலண்டனில் நத்தேனியல் வார்டு என்ற மருத்துவர், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவரின் கண்ணில் பட்டது, மண்ணில் முளைத்த ஒரு பெரணிச் செடி. இலையிலிருந்து போன நீராவி கண்ணாடியில் துளியாகி, மீண்டும் மண்ணுக்கே வந்துகொண்டிருந்தது. இதைக் கொண்டு அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகள் 1833-இல் கப்பலேறி, செடிகளை உயிரோடு சிட்னிக்குக் கொண்டுசேர்த்தன. பிறகு சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியா வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான். அகன்ற வாயுள்ள ஒரு பழைய கண்ணாடிச் சாடியில் கூழாங்கல், கரித்தூள், மக்கிய மண், சிறு பெரணி வைத்து, லேசாக நீர் தெளித்து மூடிப் பாருங்கள். நேர்வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும்.

காட்டிலிருந்து கொண்டுவராதீர்கள்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆசை மிகுதியால் சிலர் அருவிப்பாதையில் கண்ட ஆர்க்கிடையும் பெரணியையும் வேரோடு பிடுங்கி வருகிறார்கள். காப்புக்காட்டில் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சோலையின் காற்றில் பிறந்த அந்தச் செடி பேருந்துப் பயணத்திலேயே பாதி செத்துவிடுகிறது. ஆர்க்கிடின் விதை தூசியைப் போன்றது. அதற்குள் உணவுச் சேமிப்பு இல்லை. ஏற்ற பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். அப்படி அரிதாக முளைத்து, பல ஆண்டுகளில் வளர்ந்ததை ஒரு நிமிடத்தில் பிடுங்குவது எளிது. திரும்ப வைப்பது நம்மால் ஆகாது. நாற்றுப்பண்ணையில் வளர்த்த செடியை மட்டுமே வாங்குங்கள்.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று நம் காடுகளை அடைத்து நிற்கிறது. அழகிய பூவுக்காக வந்த ஆகாயத்தாமரை குளங்களை மூடிவிட்டது. தோட்டத்தில் மிஞ்சிய அயல்நாட்டுச் செடியை ஆற்றங்கரையிலோ குளத்திலோ எறியாதீர்கள். சேம்பு இனத்து அழகுச்செடிகளான கலாடியம், டிஃபன்பாக்கியா போன்றவற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவை வேண்டாம்.

தோட்டம் உருவாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒன்று உங்களுக்குப் புலப்பட்டுவிடும். பத்தடி இடத்தில் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்க எத்தனை இலைகளும் எத்தனை சருகும் எவ்வளவு பொறுமையும் வேண்டியிருக்கின்றன! அருவிக்கு மேலே இருக்கும் சோலை இதே வேலையை மலை முழுவதற்கும் செய்துகொண்டிருக்கிறது. மழை நின்ற பின்னும் சிற்றாற்றில் நீர் ஓடுவது அந்த மூடாக்காலும் நிழலாலும்தான். அடுத்த சீசனில் பேரருவியின் கீழ் நிற்கும்போது, ஒரு முறை தலை நிமிர்ந்து மேலேயுள்ள மரங்களைப் பாருங்கள். உங்கள் தலையில் விழும் நீரை அதுவரை பிடித்து வைத்திருந்தவை அவைதான்.